வட்ட இறக்கை விமானம் நிஜமாகவே பறந்ததா? பறந்தது என்றால் ஏன் கைவிட்டார்கள்?

கேள்வி இதுதான்: "1940களில் அமெரிக்கா வட்டத் தட்டு மாதிரி ஒரு விமானம் செய்து பறக்கவிட்டதாக வீடியோவில் பார்த்தேன். நன்றாகப் பறந்தது என்றால் ஏன் கைவிட்டார்கள்? பறக்கும் தட்டு என்று சொல்வது இதைத்தானா, அதனால்தான் மறைத்தார்களா? நான் ஒரு சின்ன மாடல் செய்து பார்க்கலாமா?" எண்ணினால் நாலு கேள்வி. ஆனால் அடியில் கிடப்பது ஒன்றுதான்: வட்ட இறக்கை என்பது உருப்படியான யோசனையா, இல்லை வேடிக்கைப் பொருளா? அதற்குப் பதில் சொன்னால் மற்றவை தானாக அவிழ்ந்துவிடும்.

சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். பறந்தது, கதையில் மட்டும் அல்ல. ஏறக்குறைய 190 தடவை, மொத்தம் 130 மணி நேரத்துக்குச் சற்று மேல். யாரும் மறைக்கவில்லை, இன்றைக்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம். கைவிட்டதற்குக் காரணம் இறக்கை அல்ல. ப்ரொப்பெல்லரும் காலண்டரும்தான்.

என்னைப் பற்றி ஒரு வரி. கல்லூரியில் இருபத்தைந்து வருடம் ஏரோடைனமிக்ஸ் நடத்தினேன், அதில் பாதி விண்ட் டனல் லேபில், அதாவது காற்றை வீசவிட்டு இறக்கைகளைச் சோதிக்கும் கூடத்தில், கழிந்தது. காற்று இறக்கைமேல் என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்த்த தைரியத்தில் சொல்வேன். ஷாஃப்ட், கியர்பாக்ஸ் சமாசாரமெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. இந்த விமானத்தை நேரில் பார்த்தவனும் இல்லை. எது எந்த வகை என்று அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்த மாதிரி வீடியோக்களில் இரண்டு விமானங்களை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். மேலே மஞ்சள், அடியில் வெள்ளி நிறம் பூசி, மெதுவாக மிதந்து போகிறதே, அது வி-173. கட்டையும் துணியும் வைத்துச் செய்த பரிசோதனை விமானம், பறந்தது இதுதான். போர் விமானத் தோரணையில் உலோகப் பளபளப்போடு நிற்பது எக்ஸ்எஃப்5யூ. இது முறையாகப் பறந்ததே இல்லை. முதலாவதன் சாதனையையும் இரண்டாவதன் காகிதக் கணக்கையும் சேர்த்துப் பேசினால், மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் போய் அந்தரத்தில் நிற்கும் அதிசய வாகனம் ஒன்று கிடைத்துவிடும். அப்படி ஒன்று இருந்ததில்லை.

சரி, இறக்கைக்கு வருவோம். இறக்கையின் அடியில் அழுத்தம் கூடுதல், மேலே குறைவு. அந்த வித்தியாசம்தான் விமானத்தைத் தூக்குகிறது. ஆனால் இறக்கையின் நுனியில் தடுக்க ஆளில்லை. அடியில் உள்ள காற்று நுனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறப் பார்க்கும். விமானம் முன்னால் போய்க்கொண்டே இருப்பதால் இது ஒரு சுழலாகப் பின்னால் நீளும். லேபில் இதைக் காட்ட ஒரு எளிய வழி வைத்திருந்தோம். ஒரு தட்டையான இறக்கையின் மேல் வரிசையாக நூல் துண்டுகளை ஒட்டி, நுனியில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கவிடுவோம். காற்றைத் திறந்ததும் நடுவில் உள்ள நூல்களெல்லாம் சீவிவிட்ட முடிபோல நேராகப் படுக்கும். நுனி நூல் மட்டும் பம்பரமாகச் சுற்றும், நூலே கண்ணுக்குத் தெரியாது, புகைக் கூம்பு மாதிரி இருக்கும். "சார், அது பிய்ஞ்சிடும்" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு மாணவர் சொல்வார். அந்தச் சுழலைச் சுற்றிவிடும் சக்தி இன்ஜினிலிருந்துதான் போகிறது. அதுதான் இழுவையாக வந்து உட்கார்கிறது.

இறக்கை நீளமாகவும் ஒல்லியாகவும் இருந்தால் இந்த நஷ்டம் குறைவு. கழுகையும் கிளைடரையும் பாருங்கள். இறக்கையின் அகலத்தை, அதாவது ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை உள்ள தூரத்தை, அதனாலேயே பெருக்கிப் பரப்பால் வகுத்தால் வரும் எண்ணை வைத்து இதை அளப்போம். சாதாரணச் சின்ன விமானத்துக்கு அது 6, 7 இருக்கும். கிளைடருக்கு 20-ஐத் தாண்டும். வி-173-க்கு அகலம் சுமார் 7.1 மீட்டர், பரப்பு சுமார் 39.7 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் 1.27 வருகிறது. அதே எடையை அதே வேகத்தில் தூக்க, அதே பரப்புள்ள சாதாரண இறக்கையைவிட ஐந்து மடங்கு நுனி நஷ்டம் என்று பாடப்புத்தகச் சூத்திரம் சொல்லும். இதனால்தான் தேர்வில் "வட்ட இறக்கை நல்லதா?" என்று கேட்டால் மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இல்லை என்று எழுதுவார்கள். பாதி மதிப்பெண்தான் கொடுப்பேன்.

மீதிப் பாதி எங்கே என்றால், அதே சுழலில்தான். சாதாரண இறக்கையின் மூக்கைத் தூக்கிக்கொண்டே போனால் சுமார் 15 டிகிரியில் மேல்பக்கக் காற்று ஒட்டாமல் பிய்த்துக்கொண்டு போய்விடும், தூக்குவிசை சட்டென்று விழும். ஸ்டால் என்கிறோமே, அது. அகலம் குறைந்த இறக்கையில் இரண்டு நுனிச் சுழல்களும் மேல்பக்கக் காற்றைக் கீழே அழுத்திப் பிடித்துவைக்கின்றன. 30 டிகிரி, 40 டிகிரி என்று தூக்கினாலும் காற்று விட்டுப்போகாது. சக்தியைத் தின்கிற அந்தச் சுழலே விழாமல் காப்பாற்றவும் செய்கிறது. ரன்வே குட்டையாக இருக்கிற இடத்தில், மெதுவாக இறங்க வேண்டிய இடத்தில், இது பெரிய வரம்.

இதைக் கணக்கு எதுவும் தெரியாமல் கண்டுபிடித்த ஒருவர் உண்டு. இந்தியானா மாநிலம் சவுத் பெண்ட் நகரத்தில் கிளாய்ட் ஸ்னைடர் என்ற கால் வைத்தியர். 1926 வாக்கில், செருப்புக்குள் குதிகாலுக்கு வைக்கும் கம்பளித் துண்டு ஒன்றைச் சும்மா அறையில் வீசியிருக்கிறார். அது விழாமல் அழகாக மிதந்து போனது. முன்பக்கம் நேர்வெட்டு, பின்பக்கம் வளைவு, அரைவட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதல். மனிதர் அதே வடிவத்தில் கிளைடர் செய்தார், அப்புறம் ஆரப் என்ற பெயரில் இன்ஜின் வைத்த விமானங்கள் செய்தார். 1933-ல் பறந்த ஆரப் எஸ்-2 உண்மையிலேயே நல்ல விமானம். குறைந்த குதிரைத்திறனில், மிக மெதுவாக, விழாமல் இறங்கியது. வாங்க ஆள் இல்லை என்பது வேறு கதை. இவருக்கும் முன்னால், முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு, இங்கிலாந்தின் ஷோர்ஹமில் லீ, ரிச்சர்ட்ஸ் என்ற இருவர் நடுவில் ஓட்டை விட்ட வளைய இறக்கை விமானம் செய்து பறக்கவிட்டார்கள். ஆக, வட்ட இறக்கை பறக்கும் என்பது வி-173 வருவதற்கு முன்பே தெரிந்த விஷயம். அந்த ஐந்து மடங்கு நஷ்டத்தை என்ன செய்வது என்பதுதான் தீராமல் இருந்தது.

அதற்கு ஒரு வழி யோசித்தவர் சார்லஸ் ஸிம்மர்மன். இன்றைய நாசாவின் முன்னோடி அமைப்பான என்ஏசிஏவின் லாங்லி ஆய்வகத்தில் 1929-ல் சேர்ந்தவர். 1930களின் தொடக்கத்தில், அகலம் குறைந்த இறக்கைகளை விண்ட் டனலில் வைத்து வரிசையாக அளந்தார். மேலே நான் சொன்ன ஸ்டால் விஷயத்தை எண்களாகப் பிடித்தது அந்த அளவீடுகளில்தான். 1933-ல் சிறு விமான வடிவமைப்புக்காக என்ஏசிஏ நடத்திய போட்டியில் இவருடைய வட்ட வடிவம் முதல் பரிசு வாங்கியது. ஆனால் இது காலத்தை மீறிய யோசனை என்று சொல்லிக் கட்டாமல் விட்டுவிட்டார்கள். ஆள் விடவில்லை. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, விமானி குப்புறப் படுத்து ஓட்டும் ஒரு குட்டி விமானத்தைத் தாங்களே செய்தார்கள். இரண்டு சின்ன இன்ஜின்களையும் ஒரே வேகத்தில் சுற்றவைக்க முடியாமல் அது தரையிலேயே நின்றுபோனது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தலைவலி கடைசிவரை அவரைத் துரத்தியது.

அவருடைய யோசனை இதுதான். நுனியில் ஒரு சுழல் இருக்கிறதல்லவா? அங்கேயே ஒரு பெரிய ப்ரொப்பெல்லரை வைத்து, சுழலுக்கு எதிர்த்திசையில் சுற்றவிட்டால்? இறக்கை நுனியில் காற்று வெளிப்பக்கம் மேலேறி உள்பக்கம் இறங்குகிறது. ப்ரொப்பெல்லரின் வெளிப்பக்க பிளேடு கீழே இறங்க, உள்பக்க பிளேடு மேலே ஏறும்படி சுற்றினால், அது வீசும் காற்று சுழலின் சுற்றைக் கழித்துவிடும். கூடவே, இரண்டு ப்ரொப்பெல்லரும் சேர்ந்து இறக்கை முழுவதையும் தங்கள் காற்றில் குளிப்பாட்டும். விமானம் ஊர்ந்தாலும் இறக்கைக்கு மட்டும் வேகக் காற்று கிடைத்துக்கொண்டே இருக்கும். 1937-ல் சான்ஸ் வாட் என்ற விமானத் தயாரிப்பு நிறுவனத்தில் சேர்ந்து, மின்மோட்டார் வைத்த சிறு மாதிரி ஒன்றைப் பறக்கவிட்டுக் காட்டினார். அமெரிக்கக் கடற்படை ஆர்வம் காட்டி 1940-ல் ஆள் ஏறும் விமானம் ஒன்றுக்கு ஒப்பந்தம் போட்டது. அதுதான் வி-173.

பக்கத்தில் நின்று பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கொக்குக் கால் மேல் மூக்கை 22 டிகிரிக்கு வானத்தைப் பார்க்கத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. முன்னால் இரண்டு முனையிலும் ஆளுக்கு ஒன்றாக ஐந்து மீட்டர் விட்டமுள்ள மூன்று பிளேடு ப்ரொப்பெல்லர். விமானமே ஏழு மீட்டர் அகலம்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், இவை காற்றாலைகள். இவ்வளவு பெரியவற்றைச் சுற்றுவது வெறும் 80 குதிரைத்திறன் கொண்ட இரண்டு கான்டினென்டல் இன்ஜின்கள். இன்ஜின்கள் நுனியில் இல்லை, இறக்கைக்குள்ளே புதைந்திருக்கின்றன. அங்கிருந்து ஷாஃப்ட்டும் (சுழலும் தண்டு) கியர்பாக்ஸுமாக நுனிவரை போய் ப்ரொப்பெல்லரைச் சுற்றுகிறது. இரண்டையும் குறுக்கே இணைத்திருந்ததால் ஒரு இன்ஜின் நின்றாலும் இரண்டு ப்ரொப்பெல்லரும் சுற்றும். இந்த ஏற்பாடு இல்லாமல் ஒன்று நின்றிருந்தால் விமானம் அந்த நிமிடமே புரண்டிருக்கும். மூக்கு வானத்தைப் பார்ப்பதால் விமானிக்குத் தரை தெரியாது. அதற்காக இறக்கையின் முன்விளிம்பிலேயே, அவர் காலடியில், கண்ணாடிச் சன்னல்கள் வைத்தார்கள். அந்தக் கண்ணாடிகள்தான் இதற்கு ஒரு முகத்தைக் கொடுக்கின்றன. அமெரிக்கர்கள் பான்கேக் என்று பெயர் வைத்தார்கள். நாமாக இருந்தால் ஊத்தப்பம் என்றிருப்போம்.

1941 இறுதியில் முழு விமானத்தையும் லாங்லியின் பெரிய விண்ட் டனலுக்குள் அப்படியே நிறுத்தி அளந்தார்கள். 1942 நவம்பர் 23-ல் கனெக்டிகட் மாநிலம் ஸ்ட்ராட்ஃபோர்டில் சோதனை விமானி பூன் கைட்டன் முதல் தடவை ஓட்டினார். பதின்மூன்று நிமிடம். ஸ்டிக் கல்லாகக் கனத்தது, திருப்பினால் திரும்ப மறுத்தது. பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டு வந்து எப்படியோ இறக்கினார். அப்புறம் கட்டுப்பாட்டுத் தகடுகளை மாற்றி, பின்விளிம்பில் மடல்கள் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினார்கள். பழகிய பிறகு அது செய்த வேலை அசத்தல்: காற்றில்லாத நாளில் சுமார் 60 மீட்டர் ஓடினால் எழும்பிவிடும், நல்ல எதிர்க்காற்று இருந்தால் ஓடவே தேவையில்லை. ஸ்டிக்கை முழுக்கப் பின்னால் இழுத்தாலும் ஸ்டால் ஆகி விழாது, சக்தியைக் குறைத்தால் மூக்கைத் தூக்கியபடியே கீழே இறங்கும். உச்ச வேகம் மணிக்கு சுமார் 220 கிலோமீட்டர். அட்லாண்டிக்கைத் தனியாகத் தாண்டிய சார்லஸ் லிண்ட்பெர்க்கும் இதை ஓட்டிப் பார்த்திருக்கிறார்.

ஒரு விபத்தும் உண்டு. 1943-ல் ஒரு தடவை இன்ஜின் மக்கர் செய்ய, விமானி கடற்கரை மணலில் இறக்கப் போனார். இறங்கும்போது பார்த்தால் எதிரே குளிக்க வந்த ஜனங்கள். பிரேக்கை அமுக்கிப் பிடித்தார். விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்தது. விமானிக்கு ஒரு கீறலும் இல்லை, விமானத்துக்கும் பெரிய சேதம் இல்லை, சரிசெய்து மறுபடி பறக்கவிட்டார்கள். கட்டை துணி விமானம் கவிழ்ந்தால் பொதுவாக விறகுதான் மிஞ்சும். நடுத்தண்டில் நீண்ட இறக்கை துருத்திக்கொண்டு நிற்காமல் முழுவதும் ஒரே கட்டாக இருந்ததன் பலன் என்று இதைச் சொல்வேன்.

இப்போது உறுதியானது எது, சந்தேகத்துக்கு இடமானது எது என்று பிரிக்கிறேன். மெதுவாகப் பறந்தது, விழாமல் பறந்தது, இரண்டும் உறுதி. ஆனால் நுனி ப்ரொப்பெல்லர் சுழலைக் கழித்ததால் மட்டும்தான் அப்படிப் பறந்தது என்பதை நான் ஏற்க மாட்டேன். எடையைப் பாருங்கள்: சுமார் 1,024 கிலோ. 39.7 சதுர மீட்டரால் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 26 கிலோ. மெதுவாகப் பறப்பதற்குப் பேர்போன பைப்பர் கப் விமானத்துக்கே அது 33 கிலோ. அதாவது, எடைக்கு மீறிய பெரிய இறக்கை வைத்த எந்த விமானமும் கொஞ்சம் மெதுவாகப் பறக்கத்தான் செய்யும். இதில் வடிவத்தின் பங்கு எவ்வளவு, லேசான எடையின் பங்கு எவ்வளவு, ப்ரொப்பெல்லர் காற்று இறக்கைமேல் வீசியதன் பங்கு எவ்வளவு, சுழல் கழிந்ததன் பங்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். நுனியில் எதிர்த்திசையில் சுற்றும் ப்ரொப்பெல்லர் இழுவையைக் குறைக்கும் என்பது பிற்காலச் சோதனைகளிலும் தெரிந்த உண்மை. வட்ட இறக்கையை நீள இறக்கைக்குச் சமமாக்கிவிடும் அளவுக்கு என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், அடுத்த விமானத்தில் அந்த லேசான எடை போய்விட்டது. குட்டைத் தளத்திலிருந்து எழும்பி வேகமாகவும் பறக்கும் போர் விமானம் கடற்படைக்கு வேண்டியிருந்தது. பசிபிக்கில் ஜப்பானிய விமானங்களைச் சமாளிக்க, சின்னக் கப்பலிலிருந்தும் கிளம்பும் விமானம் இருந்தால் யாருக்குத்தான் கசக்கும்? 1944-ல் எக்ஸ்எஃப்5யூ ஒப்பந்தம் ஆனது. அகலம் 10 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, எடை 7 டன்னுக்கு மேல், 1,350 குதிரைத்திறன் இன்ஜின் இரண்டு. தோல் மெட்டலைட் என்ற பொருள்: இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பால்சாக் கட்டை ஒட்டியது, சாண்ட்விச் மாதிரி. சதுர மீட்டருக்கு எடை முன்னதைப்போல ஆறு மடங்குக்கு மேல். ஆக, வி-173 மிதந்ததைப்போல இதுவும் மிதக்கும் என்று நேராகச் சொல்ல முடியாது. முழுப் பொறுப்பும் ப்ரொப்பெல்லர்மேல் விழுந்தது. மணிக்கு சுமார் 65 கிலோமீட்டரிலிருந்து 680 கிலோமீட்டர் வரை என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அந்த இரண்டு எண்ணும் வரைபலகையில் பிறந்தவை, வானத்தில் சரிபார்க்கப்பட்டவை அல்ல. வீடியோக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ப்ரொப்பெல்லர்தான் கழுத்தை அறுத்தது. மூக்கைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு பறக்கும்போது ப்ரொப்பெல்லருக்குக் காற்று நேராக வராமல் சாய்வாக வரும். இறங்கும் பிளேடு ஒரு வேகத்தையும் ஏறும் பிளேடு இன்னொரு வேகத்தையும் பார்க்கும். ஒரு பக்கம் இழுப்பு கூடி, மறுபக்கம் குறைந்து, ஒவ்வொரு சுற்றிலும் உதறும். வி-173-லேயே அதிர்வு பெரிய தொல்லையாக இருந்தது. ஹெலிகாப்டர்காரர்கள் இதைத் தீர்த்த வழி பிளேடை அடிப்பகுதியில் கொஞ்சம் மேலும் கீழும் ஆட விடுவது. எக்ஸ்எஃப்5யூவுக்கும் அப்படி ஆடும் பிளேடு வைத்த ப்ரொப்பெல்லர் வேண்டியிருந்தது. 1945 ஆகஸ்டில் விமானம் வெளியே வந்தபோது அது தயாராகவில்லை. கோர்செர் என்ற போர் விமானத்தின் ப்ரொப்பெல்லரைக் கடன் வாங்கி மாட்டிவைத்தார்கள். சரியான ப்ரொப்பெல்லர் வர 1947 ஆகிவிட்டது. தரையில் ஓட்டிப் பார்த்தார்கள், அப்போது சில அடி எழும்பியதாகச் சொல்வோரும் உண்டு. அதைப் பறத்தல் என்று யாரும் கணக்கில் எழுதவில்லை.

அதற்குள் ஜெட் வந்துவிட்டது. 1946 ஜூலையிலேயே ஃபேண்டம் ஜெட் விமானம் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எழும்பி, திரும்பி வந்து இறங்கிக் காட்டிவிட்டது. போர் முடிந்தது, பணமும் இறுகியது. எட்வர்ட்ஸ் என்று இன்று சொல்லும் கலிஃபோர்னியாப் பாலைவனத் தளத்துக்குக் கொண்டுபோய்த்தான் பறக்கவிட வேண்டும் என்று திட்டம். இந்த அகலத்துக்கு அதைச் சாலையில் கொண்டுபோக முடியாது, பனாமா கால்வாய் வழியாகக் கப்பலில்தான் அனுப்ப வேண்டும். 1947 மார்ச் 17-ல் கடற்படை திட்டத்தை ரத்து செய்தது. அந்த மாதக் கடைசியில், 31-ஆம் தேதி, வி-173-உம் கடைசியாகப் பறந்தது. எக்ஸ்எஃப்5யூவை உடைக்கச் சொல்லி உத்தரவு. கிரேனில் கட்டிய இரும்புக் குண்டை அதன்மேல் போட, குண்டு எகிறித் திரும்பியதாம். அந்த மெட்டலைட் தோலுக்கு அவ்வளவு வலு. உடைக்க ரொம்பவே பாடுபட்டார்கள். நல்ல ப்ரொப்பெல்லர் இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் நாலு தடவையாவது பறந்திருக்கும், நமக்கும் ஒரு விடை கிடைத்திருக்கும். என் தொழில் வருத்தம் அதுதான்.

பறக்கும் தட்டுக் கதைக்கு வருகிறேன். கென்னத் ஆர்னால்ட் என்ற விமானி, வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் மலைப் பக்கம் ஒன்பது விநோதப் பொருட்களைப் பார்த்ததாகச் சொன்னது 1947 ஜூன் 24-ல். பறக்கும் தட்டு என்ற சொல் அதையொட்டித்தான் பரவியது. வி-173 இருந்ததோ நாட்டின் மறுகோடியில், கனெக்டிகட்டில். அதுவும் மூன்று மாதம் முன்பே நிறுத்தியாகிவிட்டது, தவிர இருந்தது ஒன்றே ஒன்று. 1950-ல் ஒரு பெரிய அமெரிக்கச் செய்தி இதழ், தட்டுகளெல்லாம் கடற்படையின் இந்த வடிவத்திலிருந்து வந்தவைதான் என்று எழுதியது, கடற்படை மறுத்தது. கனெக்டிகட்டில் போகிற வழியில் தலைக்குமேல் இந்த மஞ்சள் வட்டத்தைப் பார்த்துச் சிலர் பயந்துபோனார்கள் என்பது மட்டும் நம்பக்கூடியது. நானாக இருந்தாலும் பயந்திருப்பேன். மறைத்தார்கள் என்பதற்கோ, எக்ஸ்எஃப்5யூவின் படத்தை 1947-லேயே பத்திரிகை அட்டையில் போட்டுவிட்டார்கள்.

இதே வரிசையில் இன்னும் இரண்டு பெயர் உங்கள் கண்ணில் படும். ஒன்று ஜெர்மனியின் சாக் ஏஎஸ்-6. ஆர்தர் சாக் என்ற விவசாயி, உடைந்த விமானங்களின் உதிரிகளை வைத்துச் செய்தது. 1944-ல் ஓட்டிப் பார்த்தார்கள், குதித்ததோடு சரி. நாஜித் தட்டு என்று பின்னால் கிளம்பிய கதைகளோடு ஒப்பிட்டால் பாவமாக இருக்கும். இன்னொன்று கனடாவின் அவ்ரோகார். 5.5 மீட்டர் விட்டம், உள்ளே மூன்று ஜெட் இன்ஜின், நடுவில் பெரிய விசிறி. பார்க்க அசல் பறக்கும் தட்டு. 1959-ல் கயிறு இல்லாமல் எழும்பியது. ஆனால் ஒரு மீட்டர் உயரத்தைத் தாண்டினால், சுழற்றிவிட்ட சில்லறைக் காசு ஓயும்போது தள்ளாடுமே, அப்படித் தள்ளாடும். 1961-ல் மூடிவிட்டார்கள். அது நின்றது இறக்கையால் அல்ல, காற்று மெத்தையால். வி-173-க்கும் அதற்கும் உருவ ஒற்றுமை தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஸிம்மர்மன் பிறகு லாங்லிக்கே திரும்பினார். ஒரு மேடைமேல் ஆளை நிறுத்தி, அடியில் காற்றைப் பீய்ச்சி, உடம்பைச் சாய்த்தே ஓட்டலாம் என்று காட்டினார். 1958-ல் மெர்குரி விண்வெளித் திட்டத்துக்காக அமைத்த குழுவிலும் இருந்தார். அவருடைய யோசனையின் துண்டுகள் வேறு விமானங்களில் வாழ்கின்றன. ஒரு இன்ஜின் நின்றாலும் குறுக்கு ஷாஃப்ட் இரண்டு ரோட்டரையும் சுற்றும் ஏற்பாடு இன்றைய வி-22 ஆஸ்ப்ரேயில் உண்டு. நுனியில் சுழலுக்கு எதிராகச் சுற்றும் ப்ரொப்பெல்லரை நாசா தன் எக்ஸ்-57 மின்சார விமானத்தில் வைக்கத் திட்டமிட்டது. அதுவும் பறக்காமலேயே 2023-ல் கைவிடப்பட்டது, ஏனோ இந்த யோசனைக்கு ராசி அப்படி. வி-173-ஐ வாட் நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் சேர்ந்து எட்டு வருடம் போலப் பாடுபட்டுப் புதுப்பித்தார்கள். சொத்து ஸ்மித்ஸோனியன் என்ற அமெரிக்க அருங்காட்சியக அமைப்பினுடையது, இப்போது நிற்பது டல்லஸில் லவ் ஃபீல்ட் விமான நிலையத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில்.

கடைசியாக உங்கள் மாடல். தாராளமாகச் செய்யலாம், இறுதியாண்டுப் பிராஜெக்ட்டாக என் மாணவர்கள் செய்திருக்கிறார்கள். அரை மீட்டர் விட்டத்துக்குத் தெர்மோகோல் அல்லது டெப்ரான் (மாடல் செய்யும் லேசான நுரைத் தகடு) தட்டு போதும். எல்லாரும் செய்யும் தப்பு, வட்டம்தானே என்று எடையை நடுவில் வைப்பது. எடையின் மையம் முன்விளிம்பிலிருந்து விட்டத்தின் கால் பங்குக்குச் சற்று முன்னாலேயே இருக்கட்டும், நடுவில் வைத்தால் கையை விட்டதும் தலைதூக்கிப் பின்னால் புரளும். பின்பக்க மடல்களைக் கொஞ்சம் பெரிதாகவே வையுங்கள். இரண்டு நுனியிலும் ஒரே அளவு பிரஷ்லெஸ் மோட்டார் மாட்டி, முதலில் வெளிப்பக்க பிளேடு இறங்கும்படி சுற்றவிட்டுப் பறக்கவிடுங்கள். அப்புறம் மோட்டார் ஒவ்வொன்றிலும் மூன்று வயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் சுற்று திரும்பிவிடும். ப்ரொப்பெல்லர்களையும் இடம்வலமாக மாற்றி மாட்ட மறக்காதீர்கள், மறந்தால் மாடல் பின்னால் போகும். அதே பேட்டரி, அதே த்ராட்டில், இரண்டு விதமாகவும் ஒரே தூரத்தைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று ஒரு பத்துத் தடவையாவது குறித்துக்கொள்ளுங்கள். காற்றில்லாத விடியற்காலை வேளை நல்லது. எண்கள் கிடைத்ததும் இங்கேயே போடுங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.